பிள்ளையின் வளர்ச்சிக் கோடு: அந்த ஒரு புள்ளி சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவரா நீங்கள்? வீட்டு அலமாரியில் எங்காவது உங்கள் பெயர் எழுதிய ஹெல்த் புக்லெட் இருக்கும். தடுப்பூசிப் பக்கங்களைத் தாண்டிப் புரட்டிப் பாருங்கள். வளைந்து மேலே ஏறும் சில கோடுகள் தெரியும். அவற்றின் மேல் பேனாவால் வைத்த சில புள்ளிகள் இருக்கும்.

அவைதாம் உங்கள் எடை, உயரம், தலைச் சுற்றளவு.

இப்போது உங்கள் அக்காவுக்கோ தோழிக்கோ குழந்தை பிறந்திருக்கலாம். அதே பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். "பதினைஞ்சாவது பர்சென்டைலாம். அப்படின்னா என்ன? பயப்படணுமா?" பாட்டியிடமிருந்து உடனே குரல் பதிவு வருகிறது: "நான் அப்பவே சொன்னேன்ல, பிள்ளைக்குப் பால் பத்தலை!"

அந்தக் கோடுகள் இயற்கை போட்டவை அல்ல. ஆயிரக்கணக்கான குழந்தைகளை அளந்து, அந்த எண்களைப் புள்ளியியல் மூலம் இழைத்து, மனிதர்கள் போட்டவை. யாரை அளந்தார்கள், எப்படி இழைத்தார்கள் என்பது மாறினால் கோடு மாறும். கோடு மாறினால் அதே குழந்தை 'சரி'யிலிருந்து 'கவலை'க்குப் போகலாம், கவலையிலிருந்து சரிக்கும் வரலாம்.

அதனால் அந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பத்திலிருந்து பள்ளிக்குப் போகும் வயது வரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பர்சென்டைல் என்பது மதிப்பெண் அல்ல

முதலில் அந்தச் சொல். ஒரே வயதுள்ள 100 ஆண் குழந்தைகளை எடை குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை வரிசையில் நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15வது பர்சென்டைல் என்றால், அந்த வரிசையில் ஏறக்குறைய 15 பேர் உங்கள் பிள்ளையைவிட எடை குறைந்தவர்கள். மீதிப் பேர் கூடியவர்கள். அவ்வளவுதான்.

இது தேர்வு மதிப்பெண் அல்ல. 90 வாங்கிய குழந்தை 20 வாங்கிய குழந்தையைவிட 'நல்லா' வளர்கிறது என்று பொருளில்லை. அம்மா, அப்பா இருவரும் குள்ளமானவர்கள் என்றால் பிள்ளை 20-ல் இருப்பது இயல்புதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வளர்ச்சி அட்டவணைகளில் பெரும்பாலும் மிகக் கீழே உள்ள கோடு 3வது பர்சென்டைல். ஆரோக்கியமான 100 குழந்தைகளை எடுத்தாலும் 3 பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். கோடு போட்ட விதமே அப்படி! ஓராண்டில் 30,000 குழந்தைகள் பிறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், எந்த நோயும் இல்லாமலேயே சுமார் 900 பேர் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார்கள்.

அப்படியானால் அந்தக் கோடு எதற்கு? "இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள்" என்று மருத்துவருக்குச் சொல்வதற்கு. "இந்தப் பிள்ளைக்கு நோய்" என்று தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல.

கோட்டை வரைவது எப்படி?

நிறையக் குழந்தைகளை அளந்து சராசரி எடுத்தால் போதாதா? போதாது. மூன்று சிக்கல்கள் உண்டு.

முதல் சிக்கல், வளர்ச்சி நேர்க்கோடாகப் போவதில்லை. பிறக்கும்போது குழந்தையின் நீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். முதல் ஆண்டில் மட்டும் இன்னொரு 25 சென்டிமீட்டர் கூடுகிறது. இரண்டாம் ஆண்டில் அதில் பாதிதான். முதல் ஆண்டின் வேகத்திலேயே எல்லாரும் வளர்ந்தால் 10 வயதில் 3 மீட்டர் ஆகிவிடுவோம். வீவக வீட்டில் தலை நிமிர முடியாது! ஆகவே தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு மெல்லச் சாயும் வளைவு தேவை.

இரண்டாவது, அளவீடுகள் கரடுமுரடாக இருக்கும். 8 மாதக் குழந்தைகளை அளந்தபோது தற்செயலாகப் பெரிய உருவமுள்ளவர்கள் அதிகம் வந்துவிட்டால், 9வது மாதத்தில் எல்லாரும் சுருங்கிவிட்டதுபோல் தெரியும். அதனால் புள்ளிகளை அப்படியே இணைக்காமல், அவற்றின் போக்கைப் பிடிக்கும் வழுவழுப்பான வளைவைக் கணக்கிடுகிறார்கள். அதற்குப் பயன்படும் வளைவுகளில் ஒன்றின் பெயர் 'ஸ்ப்லைன்'. அந்தக் காலத்தில் கப்பல் கட்டுபவர்கள் வளைவு வரைவதற்கு மெல்லிய மரப்பட்டையை வளைத்துப் பிடிப்பார்கள். அந்தப் பட்டையின் பெயர்தான் கணக்குக்கும் வந்தது.

மூன்றாவது, எடை இரண்டு பக்கமும் சமமாகப் பரவுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் ஒரு வயது ஆண் குழந்தையின் நடு எடை 9.6 கிலோகிராம். 3வது பர்சென்டைல் 7.8. 97வது பர்சென்டைல் 11.8. கீழ்ப்பக்க இடைவெளி 1.8 கிலோ, மேல்பக்க இடைவெளி 2.2 கிலோ. மேலே கொஞ்சம் நீளமாக இழுபடுகிறது.

இதைச் சமாளிக்க பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டிம் கோல், பீட்டர் கிரீனுடன் சேர்ந்து 1992-ல் ஒரு வழியை முன்வைத்தார். ஒவ்வொரு வயதுக்கும் மூன்று எண்கள் போதும்: நடு எடை எவ்வளவு, பரவல் எவ்வளவு, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது. இந்த மூன்றும் கையில் இருந்தால் எந்தக் குழந்தையின் எடையையும் அட்டவணையில் சரியான இடத்தில் வைக்கலாம். 'எல்எம்எஸ்' எனப்படும் அந்த வழியை விரிவுபடுத்திய முறையைத்தான் உலகச் சுகாதார நிறுவனமும் பயன்படுத்தியது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வயது ஆண் குழந்தை, எடை 8.5 கிலோ. கணக்கில் போட்டால் 'இசட் ஸ்கோர்' ஏறத்தாழ கழித்தல் 1.15 என்று வரும். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. பூஜ்யம் என்றால் சரியாக நடுவில். கழித்தல் 1.15-ஐப் பர்சென்டைலாக மாற்றினால் சுமார் 12. கழித்தல் 2-க்குக் கீழே போனால்தான் 'எடை குறைவு' என்று வகைப்படுத்துகிறார்கள். இந்தப் பிள்ளை அதற்கு மேலேயே இருக்கிறது.

யாரோடு ஒப்பிடுகிறோம்?

இதுதான் முக்கியமான கேள்வி. கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அளந்த குழந்தைகள் யார் என்பதைப் பொறுத்தே பதில் வரும்.

1977 முதல் உலகின் பல நாடுகள் ஓர் அமெரிக்க அட்டவணையைப் பயன்படுத்தின. அதில் மிகச் சிறு குழந்தைகளுக்கான எண்கள் ஒஹையோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தவை. அதில் பெரும்பாலோர் வெள்ளையர் குடும்பத்துப் பிள்ளைகள். புட்டிப்பால் குடித்தவர்களே அதிகம்.

விளைவு? தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் எடை முதல் சில மாதங்களில் வேகமாக ஏறி, பிறகு சற்று நிதானமாகக் கூடும். அது இயல்பு. ஆனால் புட்டிப்பால் குழந்தைகளை வைத்துப் போட்ட கோட்டின் மேல் அந்தப் புள்ளிகளை வைத்தால், ஆரோக்கியமான பிள்ளையும் பின்தங்குவதுபோல் தெரியும். பால் பற்றவில்லை என்று நினைத்துத் தேவையில்லாமல் புட்டிப்பாலைத் தொடங்கும் ஆபத்து அதில் இருந்தது. குறை பிள்ளையிடமும் இல்லை, தாயிடமும் இல்லை. கோட்டில் இருந்தது.

அதைச் சரிசெய்யவே உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகியவை அந்த ஆறு நாடுகள். இந்தியக் குழந்தைகள் தெற்கு டில்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பால் குடிப்பது, தாய் புகைபிடிக்காதவராக இருப்பது, வளர்ச்சியைத் தடுக்கும் வறுமையோ நோயோ இல்லாதது என்று நிபந்தனைகள் இருந்தன. 2006-ல் புதிய அட்டவணை வெளிவந்தது.

பழையதற்கும் புதியதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. ஒரு நாட்டில் ஒரு காலத்தில் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதைப் பழையது காட்டியது. நல்ல சூழல் கிடைத்தால் பிள்ளைகள் எப்படி வளர முடியும் என்பதைப் புதியது காட்டுகிறது.

ஆய்வில் வெளிவந்த ஒரு முடிவு பலரை யோசிக்க வைத்தது. குழந்தைகளின் நீளத்தில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே நாட்டுக்கு நாடு வரும் வித்தியாசம். சுமார் 70 விழுக்காடு, ஒரே ஊருக்குள் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வித்தியாசம்! சிறு வயதில், நல்ல உணவும் ஆரோக்கியமும் கிடைத்தால், டில்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் கிட்டத்தட்ட ஒன்றுபோல்தான் நீள்கின்றன.

கருவிலேயே தொடங்கும் கணக்கு

கருவில் இருக்கும் குழந்தையைத் தராசில் வைக்க முடியாது. ஆனாலும் ஸ்கேன் எடுத்துவிட்டு, "பேபி இப்போ 2 கிலோ இருக்கும்" என்று சொல்கிறார்களே, எப்படி?

அதுவும் ஒரு மாடல்தான். அல்ட்ராசவுண்ட் திரையில் தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளக்கிறார்கள். அந்த எண்களிலிருந்து எடையை ஊகிக்கும் சூத்திரங்களை அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் ஹாட்லாக் குழுவினர் 1985-ல் வெளியிட்டனர். பல நாடுகளில் இன்றும் அவையே பயன்பாட்டில் உள்ளன.

ஊகம் என்பதால் பிழையும் இருக்கும். 10 விழுக்காடு விலகுவது சாதாரணம். ஸ்கேன் 3 கிலோ என்றால் உண்மையில் 2.7-ஆகவும் இருக்கலாம், 3.3-ஆகவும் இருக்கலாம். ஆகவே ஒரு ஸ்கேனில் எண் சற்றுக் குறைந்தால் மருத்துவர் உடனே முடிவு கட்டுவதில்லை. சில வாரம் கழித்து மறுபடியும் அளக்கச் சொல்கிறார். பிள்ளை தன் வழியில் ஏறுகிறதா, அல்லது வேகம் தளர்கிறதா என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

கருவின் வளர்ச்சிக்கும் உலகம் முழுவதற்கும் ஒரே கோடு போட முடியுமா? இன்டர்குரோத்-21 என்ற ஆய்வு அதற்கு முயன்றது. ஆக்ஸ்ஃபர்ட், சியாட்டில், நாக்பூர், நைரோபி உள்ளிட்ட எட்டு இடங்களில் ஆரோக்கியமான கர்ப்பிணிகளைத் தொடர்ந்து அளந்து, 2014-ல் ஒரே அட்டவணையை வெளியிட்டது. ஆனால் அடுத்த ஆண்டே வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இனத்துக்கு இனம் கருவின் வளர்ச்சியில் வேறுபாடு இருப்பதாகக் காட்டியது. எல்லாருக்கும் ஒரே கோடா, இனத்துக்கு ஒரு கோடா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

முன்கூட்டியே பிறந்தால்?

இங்கேதான் பல பெற்றோர் தேவையில்லாமல் கலங்கிப்போகிறார்கள்.

ஓர் ஆண் குழந்தை 32வது வாரத்திலேயே பிறந்துவிட்டது. 40 வாரம் நிறைய இன்னும் 8 வாரம் இருந்தது. இன்று பிறந்து 6 மாதம் ஆகிறது, எடை 6.3 கிலோ. 6 மாதக் கட்டத்தில் புள்ளி வைத்தால் அது 3வது பர்சென்டைல் கோட்டுக்கும் கீழே விழும். வீட்டில் எல்லாருக்கும் பயம்.

ஆனால் அந்தக் குழந்தையின் உடல் 8 வாரம் பின்னால் இருந்து ஓட்டத்தைத் தொடங்கியது. அதைக் கழித்தால் 'திருத்திய வயது' ஏறத்தாழ 4 மாதம். அதே 6.3 கிலோவை 4 மாதக் கட்டத்தில் வையுங்கள். 15வது பர்சென்டைல் கோட்டுக்கு மேலே நிற்கிறது! குழந்தை அதேதான், எடையும் அதேதான். புள்ளி வைத்த இடம் மட்டுமே மாறியது.

பொதுவாக 2 வயது வரை இப்படித் திருத்திக் கணக்கிடுகிறார்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால், "புள்ளி வச்சது திருத்திய வயசுலதானே?" என்று பலதுறை மருந்தகத்தில் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஒரு புள்ளியா, ஒரு பாதையா?

ஒரு குழந்தையைத் தொடர்ந்து அளந்த மிகப் பழைய பதிவுகளில் ஒன்று பிரான்சிலிருந்து வருகிறது. மோன்பேயார் என்ற பிரபு தம் மகனின் உயரத்தை 1759 முதல் 1777 வரை, ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்துவைத்தார். ஒரே பிள்ளை, 18 ஆண்டுகள். குழந்தைப் பருவத்தில் வேகம் குறைவதும் பதின்ம வயதில் திடீரென்று எகிறுவதும் அந்தப் பதிவில் தெளிவாகத் தெரிந்தன.

ஆயிரம் பிள்ளைகளை இப்படித் தொடர்ந்தால் எவ்வளவு தெரியவரும்! ஆனால் நடைமுறை லேசானதல்ல. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், 6வது மாதம் வர முடியவில்லை. இன்னொரு குடும்பம் வெளிநாடு போய்விட்டது. ஒருவர் 3 மாதத்தில் வருவதற்குப் பதில் மூன்றரை மாதத்தில் வருகிறார். எண்கள் ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

இதற்கு உதவும் ஒரு வழியை நான் லேர்ட், ஜேம்ஸ் வேர் இருவரும் 1982-ல் விளக்கினர். அதன் அடிப்படை எளிமையானது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரு வளைவு உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் அதிலிருந்து தன் பாணியில் சற்று விலகுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கணக்கிடுகிறார்கள். ஒரு பிள்ளையின் அளவீடுகள் குறைவாக இருந்தால், மாடல் மற்றப் பிள்ளைகளிடமிருந்து கொஞ்சம் தகவலைக் கடன் வாங்கிக்கொள்ளும். நிறைய இருந்தால் அந்தப் பிள்ளையின் எண்களையே நம்பும்.

டிம் கோலும் அவரது குழுவினரும் 2010-ல் விளக்கிய 'சிட்டார்' என்ற மாடல் இன்னும் அழகானது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உயர்ந்த சுருதியில் பாடுகிறார். ஒருவர் கொஞ்சம் தாமதமாக எடுக்கிறார். ஒருவர் வேகமாகப் பாடுகிறார். அளவு, தொடங்கும் நேரம், வேகம் என்ற மூன்று எண்களால் ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சிப் பாதையையும் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

இதனால் என்ன பயன்? பாதை தெரிந்தால், ஒற்றைப் புள்ளியில் தெரியாதது தெரியும். பிஎம்ஐ-யை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் பிஎம்ஐ பிறந்ததிலிருந்து ஏறி, ஏறத்தாழ 9 மாதத்தில் உச்சம் தொடும். பிறகு இறங்கும். நடக்கத் தொடங்கிய பிள்ளை மெலிவதைப் பார்த்து, "கொழுகொழுன்னு இருந்துச்சே, ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?" என்று உறவினர்கள் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். அது இயல்பான இறக்கம். பிறகு 5, 6 வயதையொட்டி மறுபடியும் ஏறத் தொடங்கும். அந்த இரண்டாவது ஏற்றம் மிகச் சீக்கிரம் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் உடல் பருமன் வரும் வாய்ப்பு அதிகம் என்று 1984-லேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் கவனித்தனர்.

சிங்கப்பூரின் சொந்த ஆய்வு

இந்தக் கணக்குகளுக்கு நம் ஊர் எண்களும் இருக்கின்றன. 2009-ல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை இரண்டிலும் 1,200-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் சேர்ந்தனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தவரும் அதில் உண்டு. தாயின் வயிற்றில் இருந்தபோதே அளக்கத் தொடங்கிய அந்தக் குழந்தைகள் இன்று பதின்ம வயதைத் தொட்டுவிட்டார்கள்.

ஆய்வில் தெரிந்த ஒரு விஷயம் மருத்துவமனை நடைமுறையையே மாற்றியது. பங்கேற்ற கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. ஆபத்து அதிகம் என்று கருதப்படுபவர்களை மட்டும் சோதித்தால் பலர் விடுபட்டுப் போவார்கள். அதன் பிறகு கர்ப்பிணிகள் அனைவருக்கும் அந்தச் சோதனையை வழங்கும் நடைமுறை வந்தது. தாயின் ரத்தச் சர்க்கரை குழந்தையின் எடையையும் கொழுப்பையும் பாதிக்கும் என்பதால், இது அடுத்த தலைமுறைக்கும் சேர்த்துச் செய்த மாற்றம்.

பிஎம்ஐ உச்சத்தையும் கஸ்டோ ஆய்வாளர்கள் மாடல் செய்தனர். கைக்குழந்தைப் பருவத்தில் உச்சம் உயரமாக இருந்த பிள்ளைகளுக்கு 4 வயதில் பிஎம்ஐ-யும் கூடுதலாக இருந்ததைக் கண்டனர்.

2015-ல் 'எஸ்-பிரெஸ்டோ' என்ற அடுத்த ஆய்வு தொடங்கியது. அது இன்னும் ஒரு படி பின்னால் போய், கருத்தரிக்கும் முன்பே பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

சிறிய குழந்தை, ஆனால் கொழுப்பு குறைவில்லை

இனி வருவது நம் வீட்டுச் சமாச்சாரம்.

2003-ல் இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், புனே வட்டாரக் கிராமங்களின் குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்ஹேம்ப்டன் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். பிறக்கும்போது புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. சவுத்ஹேம்ப்டனில் 3.5 கிலோ. நீளம், தலை, வயிறு என்று எல்லாமே புனே குழந்தைகளுக்குச் சிறியவை. ஆனால் முதுகுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது பெரும்பாலும் தசை. பார்ப்பதற்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு!

சிங்கப்பூரிலும் அதன் சாயல் தெரிந்தது. கஸ்டோ ஆய்வில் பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தார்கள். சீனக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, இந்திய, மலாய்க் குழந்தைகளின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதலாக இருந்தது.

இதை நாம் ஏன் கவனிக்க வேண்டும்? நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். சிறியதாகப் பிறந்த குழந்தையைப் பார்த்தவுடன் நம் முதல் எண்ணம், "நல்லா ஊட்டி விடு, தேறிடும்" என்பதுதான். எடைக் கோட்டில் புள்ளி சரசரவென்று மேலே ஏறினால் வீடே மகிழ்கிறது. ஆனால் எடைக் கோட்டுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். கூடியது எது என்று அதற்குத் தெரியாது. சிறியதாகப் பிறந்து, பிறகு உயரத்தை மிஞ்சும் வேகத்தில் எடை மட்டும் ஏறுவது பின்னாளில் உடல் பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புடையது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடுங்கள் என்று பொருளில்லை! குறைமாதக் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் விட்ட வளர்ச்சியைப் பிடிப்பது மிக அவசியம். எடைப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் நீளப் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்பதே செய்தி.

மாடல் எங்கே தடுமாறும்?

எந்த மாடலுக்கும் எல்லை உண்டு. இவற்றை மறந்துவிடாதீர்கள்.

முதலாவது, அளவீட்டுப் பிழை. துள்ளும் குழந்தையைப் படுக்கவைத்து அளப்பது லேசான வேலையா? ஈரமான டயப்பரோடு எடை பார்த்தாலே எண் மாறும். 2 வயதில் இன்னொரு பொறி இருக்கிறது. அதுவரை படுக்கவைத்து அளந்தவர்கள் அப்போது நிற்கவைத்து அளப்பார்கள். நின்றால் ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். பிள்ளை சுருங்கவில்லை, அளந்த விதம் மாறியது.

இரண்டாவது, ஆய்வில் இல்லாதவர்கள். கஸ்டோவில் சேரப் பெற்றோர் இருவரும் ஒரே இனத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. கலப்புத் திருமணங்கள் சாதாரணமாகிவிட்ட சிங்கப்பூரில், அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி அந்த எண்கள் நேரடியாக எதுவும் சொல்லாது.

மூன்றாவது, தொடர்பு வேறு, காரணம் வேறு. சீக்கிரம் எடை கூடிய பிள்ளைகளுக்குப் பின்னாளில் பருமன் அதிகம் என்றால், எடை கூடியதுதான் காரணம் என்று ஆகிவிடாது. மரபணு, குடும்ப உணவுப் பழக்கம், தாயின் உடல்நிலை என்று இரண்டுக்கும் பொதுவான வேர்கள் இருக்கலாம்.

நான்காவது, கூட்டத்தைப் பற்றிய உண்மை ஒரு பிள்ளையைப் பற்றிய ஜோசியம் அல்ல. '100 பேரில் இத்தனை பேருக்கு' என்றுதான் மாடல் சொல்லும். உங்கள் பிள்ளை அந்த 100-ல் எவர் என்று அது சொல்லாது.

அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது

வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் படம் வந்தால், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எத்தனை புள்ளிகள் இருக்கின்றன? ஒன்றுதான் என்றால் அவசரப்பட வேண்டாம். பாதை தெரியக் குறைந்தது இரண்டு, மூன்று தேவை.

2. பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததா? ஆம் என்றால், புள்ளி திருத்திய வயதில் வைக்கப்பட்டதா?

3. எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றும் சேர்ந்து போகின்றனவா? ஒன்று மட்டும் தனி வழி போனால் அதைக் கவனியுங்கள்.

4. அம்மா, அப்பா எவ்வளவு உயரம்? கோட்டுக்கு உங்கள் குடும்பம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

5. பாதை கோடுகளைத் தாண்டிச் செல்கிறதா? முதல் இரண்டு ஆண்டுகளில் பல பிள்ளைகள் ஒரு கோட்டைத் தாண்டி மேலேயோ கீழேயோ போய்த் தங்கள் இடத்தைப் பிடிப்பதுண்டு. ஆனால் தொடர்ந்து இரண்டு முக்கியக் கோடுகளைத் தாண்டி இறங்கினால், அல்லது எடை கூடாமல் அப்படியே நின்றால், காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பிள்ளை சோர்ந்து இருக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, டயப்பர் நனைவது குறைந்துவிட்டது என்றால் எந்தக் கோட்டையும் பார்க்க வேண்டாம். 50வது பர்சென்டைலில் இருந்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆயிரம் பிள்ளைகளை அளந்து போட்ட கோடு அது. உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தினமும் பார்ப்பது நீங்கள்தான்.